கோவிந்தராஜ் ஆசாரி என்று ஒருவர் இல்லை

ரஞ்சன்காவ்,
12.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் என்னைப் பேச விடமாட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நேற்று நீங்கள் சொன்னபடி டாக்டர் வைஷாலி வீட்டுக்குப் போனேன், நம் கடையில் அவர் வாங்கிய மரப் பூஜை மாடத்தில், மயிலின் கழுத்திலிருந்த விரிசலை ஒட்ட. அந்தம்மா பக்கத்தில் வந்து நின்று, "கோவிந்தராஜ் ஆசாரிக்கு எழுபது வயசாமே, என்ன கை அவருக்கு. நீ அவரிடம் எத்தனை வருஷமாக வேலை செய்கிறாய்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

யார் அண்ணா அந்த ஆசாரி? உங்கள் கடை கொடுத்த அட்டையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். காரைக்குடியாம், ஐந்து தலைமுறைச் சிற்பியாம். வாரமெல்லாம் தொழிற்சாலை இன்ஸ்பெக்ஷனில் நின்றுவிட்டு, ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த மயிலைச் செதுக்கியது நான். உங்கள் மானம் போகக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். அதுதான் இப்போது எரிகிறது.

உங்கள் தங்கை,
ருக்மிணி

ஔந்த்,
17.1.2025

அன்புத் தங்கைக்கு,

இதற்கா இவ்வளவு கோபம்? தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் லீவு நாளில் செதுக்கியது என்றால் யார் மதிப்பார்கள்? வியாபாரம் அப்படி. உனக்கு நான் என்ன குறை வைத்தேன்?

டாக்டர் இப்போது வாசல் கதவே கேட்கிறார். அடியில் ஆசாரியின் அடையாளம் வேண்டுமாம். சின்னதாக 'கோ' என்று செதுக்கிவிடு. வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கப் போவதாக அண்ணியிடம் சொன்னாயாமே. அந்த எண்ணம் வேண்டாம்.

அண்ணன்,
சந்தானம்

ரஞ்சன்காவ்,
9.2.2025

அண்ணனுக்கு,

இல்லாத மனிதருக்கு என் கையாலேயே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். எழுதும்போது உங்களுக்குக் கூசவில்லையா?

டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். நம்பவில்லை. கொண்டுபோன தேக்குத் துண்டில், அவர் பால்கனியிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் செதுக்கிக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? நீயும்தானே சேர்ந்து ஏமாற்றினாய்" என்றார். கதவு வேலை போய்விட்டது.

ஆனாலும் வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுத்துவிட்டேன். இங்கேயே ஒரு ஷெட் பிடித்திருக்கிறேன். போர்டில் என் பெயர்தான்.

உங்கள் கடையில் நான் செய்த நான்கு மாடங்கள் இருக்கின்றன. என் பெயரில் விற்பதென்றால் இருக்கட்டும். இல்லையென்றால் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன்.

ருக்மிணி

ஔந்த்,
13.2.2025

ருக்மிணிக்கு,

புது அட்டை எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் பெயரைப் போட்டால் இதுவரை வாங்கியவர்கள் எல்லாரும் வந்து கேட்பார்கள். கல்லாவில் உட்கார்ந்து அவர்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

சனிக்கிழமை நீ வர வேண்டாம். நான்கையும் டெம்போவில் ஏற்றி அனுப்புகிறேன். ஷெட்டுக்கு எப்படி வர வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்லிவிடு. எனக்குத் தெரியவேண்டியதில்லை.

சந்தானம்