கரியருக்குள் துண்டு இல்லை

வெள்ளவத்தை, செவ்வாய் இரவு.

என் மனைவி சரோ டெங்குவுடன் வார்டில் படுத்து இன்று நான்காவது நாள். இருமலோடு வர வேண்டாம் என்று என்னை மறித்துவிட்டார்கள். மகள் அபிராமிதான் சாப்பாடு கொண்டு போகிறாள். திரும்பி வரும் வெறும் சாப்பாட்டுக் கரியருக்குள் சரோ தினமும் எனக்கு ஒரு கடதாசித் துண்டு எழுதி வைப்பாள். “மழையில திரியாதேங்கோ.” “இருமல் குளிசையை மறக்காதேங்கோ.” “கடைச் சாப்பாடு வாங்காதேங்கோ.” இதைச் செய்யுங்கோ என்று ஒருநாளும் எழுதியதில்லை.

இன்று துண்டு இல்லை. பிளேட்லெட் இன்னும் இறங்கிவிட்டதாம். களைப்பில் கண்ணை மூடியே கிடக்கிறாளாம்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் அபிராமி கதையை மாற்றினாள். பிளேட்லெட் இரத்தத்தை உறைய வைப்பதோடு நிற்பதில்லையாம். மைக்ரோஆர்என்ஏ என்ற மிகச் சிறிய செய்திகளைப் பொட்டலமாகக் கட்டி, இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள கலங்களுக்கும் கொடுக்குமாம். விஞ்ஞானம் படிப்பித்த காலமெல்லாம் நான் அதை ஓட்டை அடைக்கும் சீமெந்து என்றுதான் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

“என்ன செய்தி குடுக்கும், பிள்ளை?”

“கூடுதலா, இந்தப் புரதத்தைச் செய்யாதை எண்டுதான், அப்பா.”

“அப்ப உன்ர அம்மாவின்ர துண்டு மாதிரி.”

“நில்லுங்கோ, அம்மாட்டைச் சொல்லுறன்!” சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

நாளைய கரியருக்குள் வைக்க நானே ஒரு துண்டு எழுதினேன். “பயப்படாதை, சரோ” என்று தொடங்கி, வெட்டிவிட்டேன். கடைசியில், “நேற்றுக் கடையில மாட்டுக் கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டன்” என்று எழுதினேன்.

பொய்தான். ஆனால் அதை வாசித்தால் அவளால் பதில் எழுதாமல் படுத்திருக்க முடியாது.