‘எச்சிலாளி’ எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

என் உயிரான மும்தாஜ் அக்காவுக்கு,

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேராசிரியரை, ஓசூரில், ஆள் நிறைந்த மண்டபத்தில் வாயடைத்து உட்கார வைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருப்பாய். நீ இல்லாததால்தான் முடிந்தது.

‘ஒப்பூர்’ நாவலுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்ததை எடுத்துவந்து மூன்று தடவை படித்தாயே, அதே பழைய நாவல். முதலாளியும் ஏழையும் இல்லாத கனவு ஊர். அதற்கென்று ஆசிரியர் புதுப்புதுச் சொற்களாக உருவாக்கிக்கொண்டே போவார். ஊரே கூடிச் சாப்பிடும் கூடத்துக்கு ‘ஊருண்மனை’ என்று பெயர். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, பக்கத்திலேயே பொருளும் குறித்து வைத்தாய்.

தொழிற்சாலை கேன்டீனில் நாளெல்லாம் தட்டுக் கழுவி ஊறிப்போன விரலால் அந்தப் பக்கத்தைத் தட்டிச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

“ஊரே ஒண்ணா உக்காந்து சாப்புடுதாம் சபீ. தட்ட யாரு கழுவறாங்க? நாவல் பூரா தேடிட்டேன், ஒரு வரி இல்ல. இத்தன வார்த்த செஞ்ச மனுசன் அவளுக்கு ஒரு பேரு வெக்கல பாரு.”

அந்தப் பெயரை நீயே வைத்தாய். ‘எச்சிலாளி.’ முதலாளியும் தொழிலாளியும் ஒழிந்த ஊரில் யார் கண்ணிலும் படாமல் மிஞ்சிப்போனவள்.

“அப்ப நாவல் புடிக்கலியாக்கா?” என்று கேட்டேன்.

“புடிக்காமயா மூணு தடவ படிச்சேன்? குடிபோக ஆசப்படறவதான் கூர எங்க ஒழுவுதுன்னு பாப்பா.”

அதே நோட்டில் பதினேழு பக்க விமர்சனம் எழுதினாய். வாசகர் வட்டத்தை நடத்தும் பேராசிரியரிடம் கருத்துக் கேட்டுக் கொடுத்தாய். இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, எல்லார் முன்னாலும் திருப்பிக் கொடுத்தார். “இது விமர்சனம் இல்லம்மா, கேன்டீன் புகார்!” கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்தாய். வரும்போது பஸ்ஸில் நோட்டைப் பைக்கு அடியில் திணித்தாய். அதற்குப் பிறகு நீ ஏதாவது எழுதினாயா? நான் ஏன் கேட்கவே இல்லை? அந்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் ஒன்பதே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

புதுப் பதிப்புக்கு முன்னுரை அவர்தான். பிரித்துப் படித்தேன். அடுத்தடுத்து உன் வாக்கியங்கள். நடுவில் இப்படி: “ஆசிரியர் படைத்த சொற்களிலேயே கூர்மையானது ‘எச்சிலாளி’.”

அக்கா, அவர் அந்த நாவலைப் படித்திருக்கவே இல்லை! உன்னைத்தான் படித்திருக்கிறார். அதையும் அரைகுறையாக.

வெளியீட்டு விழாவுக்கு ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். என்னோடு வேலை செய்யும், கர்நாடக எல்லையோரத் தளி ஊர்க்காரி பாக்யாவும் வந்தாள். கேள்வி நேரத்தில் எழுந்தேன்.

“அய்யா, எச்சிலாளிங்கற வார்த்த எந்தப் பக்கத்துல வருதுங்க?”

“பந்தி வர்ற அத்தியாயத்துலம்மா. ஞாபகம் இருக்கு.”

“எனக்குக் கெடைக்கலைங்க. நீங்களே எடுத்துக் குடுங்க.” மேடைக்குப் போய்ப் புத்தகத்தை அவர் கையில் வைத்தேன்.

புரட்டினார். பதிப்பாளரும் இன்னொரு பிரதியை எடுத்துப் புரட்டினார். மண்டபத்தில் தாள் சத்தம் மட்டும். பாக்யா உட்கார்ந்த இடத்திலிருந்தே, “சிக்லில்வா சார்? கெடைக்கலியா?” என்று கன்னடத்திலும் தமிழிலும் கேட்டாள்.

“கெடைக்காதுங்க. அது நாவல்ல இல்ல. எங்கக்கா வெச்ச பேரு” என்று உன் நோட்டைத் தூக்கிக் காட்டினேன். விமர்சனத்தின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில், அவர் கையெழுத்திலேயே ‘கேன்டீன் புகார்’ என்று இருந்தது. அதைச் சத்தமாக வாசித்தேன். பிறகு உன் பதினேழு பக்கத்தையும் வாசித்தேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. அவர் நாற்காலியை மேடை ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை அக்கா. சந்தோஷமாக இருந்தது. இதைக் கேட்டு நீ வெட்கப்படுவாயா?

மறுவாரம் பழப் பையோடு வீட்டுக்கு வந்தார். அடுத்த அச்சில் உனக்கு நன்றி போடுவாராம். அம்மா கரைந்துவிட்டாள். “பெரியவரு வூடு தேடி வந்துட்டாரு, வுட்டுடு சபீனா.”

“நன்றி வேணாங்க. உங்க முன்னுரைய எடுத்துட்டு அவளோடத அவ பேருல போடுங்க” என்றேன். பழத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பதிப்பாளர் ஒப்புக்கொண்டார். அச்சுக்குப் போன தாளை நேற்றுதான் பார்த்தேன். ‘முன்னுரை: மும்தாஜ்.’ உன் வாக்கியம் ஒன்றைக்கூடத் திருத்த விடவில்லை.

கணக்கு இதோடு தீர்ந்தது என்று அவர் நினைக்கிறார். அடுத்த மாதம் கிருஷ்ணகிரியில் பேசுகிறாராம். முன்வரிசையில் போய் உட்காருவேன். கேள்வி எதுவும் கேட்கமாட்டேன். அவர் பேசி முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கடுத்த ஊருக்கும் போவேன். இது உனக்கு நான் செய்து தரும் சத்தியம்.

உனக்குப் பின்னால் பிறந்து, உனக்காக முன்னால் நிற்கும்
உன் தங்கை சபீனா