பேப்பரில் எங்கள் வீட்டுக் கதவு

வெள்ளி

விடியும்போதே வெயில். பால் பொங்கி வழிந்தது, அடுப்பு துடைக்கவில்லை. அதற்குள் மருமகள் சுமதி பேப்பரோடு ஓடிவந்தாள்.

எங்கள் வீட்டுக் கதவு. என் கோலம், என் செருப்பு, எல்லாம் படத்தில். மேலே பெரிசாக: கைத்தறி என்று விற்பது பவர்லூம் சேலை, நெசவாளர் வீட்டில் ரகசிய இயந்திரம். மகன் ஏகாம்பரம் பேரும் போட்டிருக்கிறது. “அக்கம்பக்கத்தினர் கூறினர்” என்று வேறு.

எந்த அக்கம்? எந்தப் பக்கம்? எழுதினவன் கதவைப் படம் பிடித்தான், கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் திறந்திருப்பேனே, பாவி. உள்ளே இருப்பது ஒரே ஒரு கைத்தறி.

ராஜம்மாதான். எதிர்வீடு. என் பெண் சீமந்தத்தில், அத்தனை பேர் நடுவில், “வளையல் கில்ட்டாக்கா?” என்று கேட்டவள். அன்றிலிருந்து பேச்சில்லை. வேறு யார் சொல்வார்?

சாயங்காலம் ஏகாம்பரம் நெசவாளர் சொசைட்டியிலிருந்து வெறுங்கையோடு வந்தான். தறியில் ஏற்றியிருந்த பழைய பாவு நூல் முடிந்து சேலை அறுத்துக் கொடுத்தாயிற்று. புதுப் பாவு தரமாட்டார்களாம்.

“பேப்பர்ல மறுப்பு வரட்டும், அப்புறம் பாக்கலாம்னுட்டாங்கமா.”

“வூட்டுக்கு வந்து பாக்கச் சொல்றதுதானே?”

“சொன்னேன். சும்மாவா போடுவாங்கன்றாங்க.”

சாப்பிடாமல் படுத்துவிட்டான். தறி மொட்டையாக நிற்கிறது.

சனி

புழுக்கம். முட்டி வலி. துவரம்பருப்பு வாங்க வேண்டும்.

சுமதி பேப்பர் ஆபீசுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். எழுதினவனே பேசினான். சின்ன வயசுக் குரல்.

“விசாரிச்சுதான் ஆயா எழுதினேன். ஒருத்தர் சொன்னாரு. நானும் தெருவுல நின்னு காதால கேட்டேன், மெஷின் ஓடிக்கினு இருந்துச்சு.”

“எப்போ கேட்ட?”

“அமாவாசை அன்னிக்கு. தெருவே கம்முனு இருந்துச்சு, உங்க வூட்ல மட்டும் சத்தம்.”

உச்சி எரிந்தது எனக்கு. அமாவாசையில் இந்தத் தெருவில் ஒருவரும் தறியில் உட்கார மாட்டோம். அவனுக்கு அதுகூடத் தெரியவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரருக்குப் படையல். வடைக்கு அரைக்கப் போட்டிருந்தேன். கிரைண்டர்! கால் ஆடுகிற கிரைண்டர், பலகைமேல் வைத்திருக்கிறோம், கடகடவென்று குதிக்கும்.

“உளுந்துடா அது! உளுந்து!”

நாளைக்கு வருகிறானாம். போனை வைத்த பிறகும் கத்திக்கொண்டிருந்தேன் என்கிறாள் சுமதி. கத்தவில்லை.

ஞாயிறு

வந்தான். பின்கட்டு வரை பார்த்தான். கிரைண்டரைப் போட்டுக் காட்டினேன். “கிட்டக்க கேட்டா வேற மாதிரி இருக்குதே ஆயா” என்றான். அன்றைக்கு நின்ற இடத்திலேயே போய் நில் என்றேன். நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. எல்லா வீட்டிலும் தறிச் சத்தம்.

வீடு வீடாகப் போய் நிறுத்தச் சொன்னேன். மறு பேச்சில்லாமல் நிறுத்தினார்கள். ஒரு தறி மட்டும் ஓடியது. ராஜம்மா வீடு.

சீமந்தத்துக்குப் பிறகு அந்தப் படி மிதித்ததில்லை. மிதித்தேன்.

“தறிய நிறுத்து.”

“இன்னாத்துக்கு?”

“நீ கட்டிவுட்ட கதைக்குத்தான்.”

“நானா? உன் வூட்டு வடையே எனக்கு வாணாம், உன் கதை எதுக்கு?”

முறைத்துக்கொண்டேதான் நிறுத்தினாள். பின்னாலேயே வாசலுக்கும் வந்தாள்.

தெரு அடங்கியது. எங்கள் கிரைண்டர் மட்டும் கடகடவென்று. அவன் முகம் செத்துப்போனது.

“இதே சத்தம்தான் ஆயா.”

“உனக்குச் சொன்னது யாரு? இவதானே?”

“இந்தத் தெருக்காரங்களே இல்ல. டீக்கடையில ஒருத்தர், இந்தப் பக்கம்லாம் பவர்லூம் வந்துடுச்சுன்னு பொதுவா சொன்னாரு. பேரு தெரியாது.”

“பேரு தெரியாத ஒருத்தன் எப்டிபா அக்கம்பக்கத்தினர் ஆனான்?”

“அப்டி எழுதறது வழக்கம் ஆயா.”

வழக்கமாம். டீக்கடையில் சொன்னவனுக்குப் பேர் கிடையாது, என் மகன் பேர் மட்டும் கொட்டை எழுத்தில்.

ராஜம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “கேட்டுக்கினியா?” என்றாள்.

கேட்டுக்கொண்டேன். இதை அவள் சொல்லவில்லை. வளையலைச் சொன்னது அவள்தான்.

செவ்வாய்

மறுப்பு வந்தது. உள்பக்கம், கீழ் மூலை, மூட்டுவலித் தைல விளம்பரத்துக்கு அடியில். சுமதி இரண்டு தடவை புரட்டித்தான் கண்டுபிடித்தாள். “நேரில் ஆய்வு செய்ததில் இயந்திரம் எதுவும் இல்லை எனத் தெரியவந்தது.” தெரியவந்ததாம், தானாக! கதவைத் தட்டாமல் எழுதினேன் என்று ஒரு வார்த்தை இல்லை. படமும் இல்லை.

சொசைட்டியில் பாவு கொடுத்துவிட்டார்கள். ஏகாம்பரம் இன்னொரு தோசை கேட்டான்.

மறுப்பை வெட்டிச் சுருக்குப்பையில் வைத்தேன்.

புதன்

மூட்டம். மழை இல்லை. பூ வாங்கப் போனேன். பூக்காரி முழம் போட்டுக்கொண்டே கேட்டாள்:

“பேப்பர்ல வந்துச்சே ஆயா, மெஷின் வச்சிருக்கற வூடு, உன்துதானே?”

சுருக்குப்பையைப் பிரித்து மறுப்பை நீட்டினேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல உன் வூட்டையே காணமே ஆயா.”

அவளுக்குப் படிக்கத் தெரியாது.