இரண்டு பேருக்கு ஒரு ஷூ

3-ம் தேதி, செவ்வாய்

அன்புள்ள நெட்டைக்கு,

குட்டை எழுதுகிறேன். டீச்சரம்மாவை இப்படிக் கூப்பிடலாமா என்று வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். குழாயடிச் சந்தில் எதிரெதிர் வீட்டில் வளர்ந்துவிட்டு வேறெப்படிக் கூப்பிடுவது?

நேற்று ஸ்கூல் கேட்டில் உன்னைப் பார்த்தேன். நீதான் என்னைப் பார்க்கவில்லை. வரிசையாகப் பிள்ளைகளின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "ஷூ இல்லாம உள்ள வராத. உங்கம்மாவுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று ஒருத்தியைத் திருப்பி அனுப்பினாயே, அவள் என் மகள். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவள். ஷூவின் அடிப்பாகம் பிய்ந்துவிட்டது. புதுசு வாங்க ஒரு வாரம் ஆகும்.

அவளுடைய அம்மாவுக்குத் தெரியும், நெட்டை. நம் இரண்டு பேருக்கும் ஒரே ஜோடிதானே இருந்தது? ஸ்கூலில் காலை ஷிப்ட் உனக்கு, மதிய ஷிப்ட் எனக்கு. குழாயடியில் கழற்றித் தருவாய். உன் கால் சூடு ஆறுவதற்குள் நுனியில் காகிதம் திணித்துப் போட்டுக்கொண்டு ஓடுவேன்.

கோபமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், இளைத்திருக்கிறாய்.

குட்டை

5-ம் தேதி, வியாழன்

குட்டை,

உன் மகள் கேட்டுக்கு வெளியே நின்று கடிதத்தை நீட்டினாள். அப்போதும் நான் அவள் காலைத்தான் பார்த்தேன். படித்ததிலிருந்து கூனிக்குறுகிப் போயிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பெரிய பரீட்சையன்று நான் குழாயடிக்கு வரவில்லை. ஷூ பிய்ந்து தைக்கக் கொடுத்தேன் என்று சொன்னேனே, அது பொய். கட்டுரைப் போட்டியில் ஜெயித்தவர்களை அன்று மதியம் போட்டோ எடுத்தார்கள். வெறுங்காலோடு முன்வரிசையில் நிற்க வெட்கமாக இருந்தது. நீ காத்திருப்பாய் என்று தெரிந்தேதான் நின்றேன். உன்னைக் கேட்டில் விடவில்லை, நீ பெயிலானாய். அடுத்த மாதமே உன்னைத் தையல் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். உன் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

உன் மகளுக்கு ஷூ வாங்கி வைத்திருக்கிறேன். கொடுத்தனுப்பட்டுமா? மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

நெட்டை

6-ம் தேதி, வெள்ளி

அன்புள்ள நெட்டைக்கு,

எனக்கு அன்றைக்கே தெரியும். வாட்ச்மேன் விடாததால் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ போட்டோவுக்குத் தலை நிமிர்ந்து நின்றாய். என் பரீட்சைகூட அந்த நிமிஷம் மறந்துபோனது, அவ்வளவு அழகாக இருந்தாய். பிறகு வீட்டுக்கு வந்து அழுதேன். தெரியும் என்று சொன்னால் என்னோடு பேசமாட்டாயோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். சொல்லாமலே நீ பேச்சை நிறுத்திக்கொண்டாய். எனக்கு வலித்தது அதுதான்.

ஷூ வேண்டாம். அவளுக்கு நானே வாங்குவேன்.

திங்கட்கிழமை அவள் செருப்போடுதான் வருவாள். கேட்டில் நீதான் நிற்பாய். இந்தத் தடவையாவது முகத்தைப் பார். அப்படியே என் ஜாடை.

உன் குட்டை