சிங்களத்துக்கு ஒரு கட்டம்

ஜூன், புதன் இரவு

மகள் நிரோஜாவுக்குத் திருவொற்றியூர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். நான்தான் வரவில்லை.

அலுவலகத்தில் இருந்தவர், நாங்கள் இலங்கையிலிருந்து கொண்டுவந்த மன்னார்ப் பள்ளி அறிக்கையைப் பார்த்து மார்க்குகளைப் படிவத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு வரியில் பேனா நின்றது.

"இன்னாம்மா இது, சிங்களமா? தொண்ணூத்தியொண்ணு கீது. இதுக்கு இங்க கட்டமே இல்லியே. வுட்டுட்டு மத்தத எழுதிக்கிறேன்."

"அதை விடாதேங்கோ. அவள் ஆகக் கூட எடுத்தது அதிலதான்."

"அத்த வெச்சிக்கினு இங்க இன்னாம்மா பண்ணப் போவுது பொண்ணு?"

நிரோஜா என் சேலையை இழுத்தாள். "அம்மா, விடுங்கோ." கிடைத்த இடமும் போய்விடும் என்ற பயம் அவளுக்கு. எனக்கும் இல்லாமல் இல்லை. அங்கே என் தம்பியைக் கூட்டிப்போன ராணுவத்தினரும் அந்த மொழிதான் பேசினார்கள். அது வேறு. பரீட்சை எழுதியது என் பிள்ளை.

"ஒரு கோடு கீறினால் கட்டம் வந்திடும், ஐயா" என்றேன்.

என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு மேசைக்குள்ளிருந்து ஸ்கேலை எடுத்து, கடைசிப் பாடத்துக்குக் கீழே கோடு போட்டு, சிங்களம் 91 என்று எழுதினார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நிரோஜா மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப கணக்கில எடுத்த நாற்பத்தொன்றையாவது அவர் விட்டிருக்கலாம்தானே, அம்மா?"

இப்போதும் சிரிப்பு வருகிறது. நாளைக்குக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.