அம்மா தைத்து வைத்த மாத்திரைகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். அம்மாவும் நலம் என்று இந்த வரியிலேயே சேர்த்து எழுதுவதுதான் வழக்கம், இன்றைக்கு எழுத முடியவில்லை. மாதாமாதம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், இதை அம்மாவுக்குத் தெரியாமல் நானே எழுதுகிறேன். அப்பா அச்சகத்துக்கு இரவு வேலைக்குப் போயிருக்கிறார். அம்மா முன்னறையில் தைத்துக்கொண்டிருக்கிறாள். மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறவரை எழுதலாம், நின்றால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வேன். போனில் அனுப்ப வழியில்லை, அப்பா போன் அவரோடு போய்விட்டது, அம்மா போனைத் தொட முடியாது. காலையில் பள்ளியில் என் பக்கத்து பெஞ்சுக்காரியின் போனில் இந்தத் தாள்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவேன்.

அம்மாவுக்கு வந்திருப்பது மனச்சிதைவு என்று டாக்டர் சொன்னபோது நீயும் கூட இருந்தாய். அதற்குப் பிறகு நடந்தது பாதி உனக்குத் தெரியாது. போன வருடம் அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, போகவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதற்கு முன்னாலேயே அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார்கள். அம்மா போனுக்குத் தினமும் சாயங்காலம் மாத்திரை போட்டாச்சா, தூக்கம் எப்படி என்று மெசேஜ் வரும். ஞாயிற்றுக்கிழமை அப்பா போனுக்கு, வீட்டில் இருப்பவர்கள் பார்வையில் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டு சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் மூன்றும் வரும், ஒன்றை அழுத்த வேண்டும். அதைப் பார்க்கிற நர்ஸை நாங்கள் மெசேஜ் அக்கா என்போம். அம்மா திரும்பி வந்த பிறகு ஆறேழு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அக்கா ஒருநாள், ராத்திரி பக்கத்தில் பேசுகிற சத்தம் கேட்கிறதா என்று கேட்டதற்கு அம்மா, என் வீட்டுக்காரர் குறட்டை மட்டும்தான் கேக்குது, அதுக்கு மாத்திரை இருக்கான்னு சொல்லுங்க என்று பதில் அனுப்பினாள். அந்த அளவுக்குத் தெளிவாக இருந்தாள்.

இப்போது அப்படி இல்லை அண்ணா. எதிர்வீட்டு ரேடியோவில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முன்பக்க ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. தைத்ததையே பிரித்துப் பிரித்துத் திரும்பத் தைக்கிறாள். என்னை வாலு என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறாள். மெசேஜைத் திறந்தால் நீல டிக் விழுகிறதே, அது கண் என்கிறாள். நான் பாக்கும்போது அதுவும் என்னைப் பாக்குது என்று போனைத் துணியில் சுற்றி மெஷின் டிராயரில் நூல் சுற்றிய பாபின்களுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறாள். சாயங்காலம் மட்டும் எடுத்து, திரையைப் பார்க்காமலே, மாத்திரை போட்டாச்சு என்பதை அழுத்திவிட்டு உடனே உள்ளே வைத்துவிடுவாள். நானும் போடுகிறாள் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

இன்றைக்குப் பள்ளி விட்டு வந்து, கடைக்குக் கொடுக்க வேண்டிய தலையணை உறைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு உறையின் ஓரத்தில் பெட்டி தட்டியது, ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. நூல் முடிச்சு என்று நினைத்துப் பிரித்துப் பார்த்தால் மடிப்புக்குள் மாத்திரை. அடுத்த உறையிலும் இருந்தது. அவ்வளவு நேர்த்தியாக, வெளியே ஒரு தையல்கூடப் பிசகாமல் தைத்திருக்கிறாள். போன வாரம் கடைக்குக் கொடுத்த உறைகளிலும் இருந்திருக்கும், யார் தலைக்கு அடியில் என்ன இருக்கிறதோ. நிமிர்ந்தால் அம்மா வாசற்படியில் நிற்கிறாள். திட்டியிருந்தால் பரவாயில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாகிட்ட சொல்லாதம்மா, அந்த மெசேஜ் பொண்ணுகிட்ட சொல்லவே சொல்லாத, வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க, உன் கால்ல வேணா விழறேன் என்றாள்.  சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆனாலும் மனசு கேட்காமல் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டுகிற இடத்தில் வைத்து மெதுவாகச் சொன்னேன்.  அப்பா, போன தடவை நான் அழுற மூஞ்சிய அமுக்குனேன், வண்டி வந்துச்சு, தெருவே வாசல்ல நின்னு வேடிக்கை பாத்துச்சு, உங்கம்மா வந்த பிறகும் ரொம்ப நாள் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல, இனிமே அமுக்க மாட்டேன்னு அவளுக்கு வாக்கு கொடுத்திருக்கேன் என்றார். அதனால்தான் ஞாயிறுதோறும் சாப்பிட்டுக் கை கழுவினதும், மை போகாத கட்டைவிரலால் சிரிக்கிற முகத்தை அழுத்திவிட்டுப் போனைக் கவிழ்த்து வைக்கிறார். உன்னிடமும் சொல்லக் கூடாது என்றார், சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஏறிவிடுவாயாம். அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே, அவர் அம்மா பக்கம்தான் நிற்கிறார், வாக்கைக் காப்பாற்றினால் அவளையும் காப்பாற்றியதாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மெஷின் நின்றது, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன். அம்மா கதவுவரை வந்து நின்றுவிட்டுப் போனாள். மறுபடி ஓடுகிறது.

இன்னொன்று இருக்கிறது. அம்மா நன்றாக இருந்தபோது மெசேஜ் அக்கா சொல்லி, நம் மூன்று பேருக்காகவும் ஒரு வாய்ஸ் மெசேஜ் பதிந்து அப்பா போனுக்கு அனுப்பினாள். அதை யாரும் அழிக்கவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் அவர் குளிக்கும்போது காதோடு வைத்துக் கேட்டேன். நான் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்க ஆரம்பிச்சா சொல்லிடுங்க, ஜன்னல சாத்துனா சொல்லிடுங்க, நானே வேண்டாம்னு கெஞ்சுவேன், அப்ப நான் பேசறத நம்பாதீங்க, இப்ப பேசறதுதான் நான் என்று சொல்கிறாள். பின்னால், ஏங்க, இது பதியுதா இல்லையா என்று அப்பாவை அதட்டுவதும் கேட்கிறது. சீக்கிரம் சொன்னால் மருந்தை மாற்றி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், தள்ளிப்போட்டால்தான் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும் என்று அக்காவும் சொல்லியிருக்கிறார்.

அதனால் காலையில் உனக்கு அனுப்பிய கையோடு அக்காவுக்கும் மாத்திரை விஷயத்தை அனுப்பப் போகிறேன். வண்டி வேண்டாம், சாதாரண உடையில் வாருங்கள் என்றும் கேட்பேன். அக்காவிடம் சொன்னது நீதான் என்று அம்மாவிடம் சொல்லும்படி உன்னைக் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், உன்மேல் அம்மா ரொம்ப நாள் கோபப்பட மாட்டாள். எழுதி வரும்போது அது சரியாகப் படவில்லை. சரி என்று சொல்லிவிட்டு மீறுகிறவள் நான், நானே சொல்லிக்கொள்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

நீ ஓடி வராதே, அவசியமானால் கூப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது மாத்திரை பேச்சை எடுக்காதே, என்ன தைக்கிறாய் என்று கேள். ராத்திரி வேலை பார்த்துவிட்டு வெறும் வயிற்றில் படுக்காதே. அம்மா சொல்லி நான் எழுதும் ஆசீர்வாதம் எல்லாம் இந்த முறையும் உனக்கு உண்டு, அவள் சொல்லாவிட்டாலும்.

நாளையிலிருந்து அம்மா என்னோடு பேசாமல் போகலாம். அப்படி ஆனால், உன்னிடம் பேசும்போது, அவ சாப்பிட்டாளான்னு கேளு என்று என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் எனக்குத் தெரியப்படுத்து. சொல்லாவிட்டால், சொன்னதாகச் சொல்லாதே.

அம்மாவுக்குப் பதிலாக,
உன் தங்கை