போனில் கேட்ட குரல்

வெம்பக்கோட்டை,
20.1.2025

மதிப்பிற்குரிய கற்பகவல்லி டீச்சருக்கு,

பத்தாம் வகுப்பு நாகஜோதியின் அப்பா சோலைமலை எழுதுவது. போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கிலீஷ் இலக்கணம் படிக்க நீங்கள் சொன்ன ஆப்பை என் போனில்தான் ஏற்றினாள். சாயங்காலமானால் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். படிக்கிறாள் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமை மக்காச்சோளம் அறுத்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன், ஓர் ஆம்பளைக் குரல் 'வாட் ஆர் யூ டூயிங்' என்கிறது. இவள் சிரித்துக்கொண்டே 'ஐ ஆம் குக்கிங்' என்கிறாள். அடுப்படிப் பக்கமே போகாத பிள்ளை. அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கும் இங்கிலீஷ் தெரியும்.

யாரென்று கேட்டேன். மெஷின் என்றாள். எந்த மெஷின் பொம்பளைப் பிள்ளையிடம் என்ன செய்கிறாய் என்று கேட்கும்? கை நீட்டிவிட்டேன். பொங்கல் லீவு முடிந்தும் இன்று பள்ளிக்கு அனுப்பவில்லை. இனியும் அனுப்புவதாக இல்லை. உங்கள் பேச்சை நம்பித்தான் போனைக் கொடுத்தேன், டீச்சர்.

இப்படிக்கு,
சோலைமலை


சாத்தூர்,
22.1.2025

அன்புள்ள சோலைமலை அண்ணனுக்கு,

நம் பள்ளியில் சத்துணவு சமைக்கும் செல்லத்தாய் அக்கா உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

நாகஜோதி சொன்னது உண்மை. அது மெஷின்தான். இப்போது நடந்துகொண்டிருக்கும் காரியத்தை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று பழக்குவதற்காக அந்தக் கேள்வியைக் கேட்கும். இவள் சமைக்கிறேன், துவைக்கிறேன் என்று வாயில் வந்ததைச் சொல்லுவாள். வாக்கியம் சரியா என்று மட்டும்தான் அது பார்க்கும்.

உங்கள் மகள் பரீட்சையில் இலக்கணம் பிழையில்லாமல் எழுதுவாள். வாய்தான் திறக்க மாட்டாள். தப்பாகப் பேசினால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று பயம். மெஷின் சிரிக்காது. பொங்கலுக்கு முன்னால் வகுப்பில் எழுந்து, முந்தின நாள் அவளுடைய அம்மா என்னென்ன வேலை செய்தார் என்று ஒரு வினைச்சொல் தவறாமல் சொன்னாள். நான் கைதட்டினேன்.

என்மீதும் தவறு இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டியதைப் பெற்றவர்களுக்குக் காட்டவில்லை. நாள் முழுக்கப் பட்டாசு கம்பெனியிலும் காட்டு வேலையிலும் கிடப்பவர்களை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஆப்பைத் திறந்து, மைக் படத்தை அழுத்தி, நீங்களே அந்த ஆளிடம் பேசிப் பாருங்கள். பிறகு உங்கள் முடிவு. திங்கட்கிழமை திருப்புதல் தேர்வு தொடங்குகிறது.

அன்புடன்,
கற்பகவல்லி


வெம்பக்கோட்டை,
25.1.2025

டீச்சருக்கு,

சோலைமலை எழுதுவது. நீங்கள் எழுதியதை என் வீட்டுக்காரி மாரித்தாயிடம் வாசித்துக் காட்டினேன். "பேசிப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லணும்" என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

நேற்று நாகஜோதி அடுத்த அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒரு வாரமாக என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வைத்த சோற்றைத் தொடவில்லை, அவள் அம்மா கொடுத்தால்தான் சாப்பிட்டாள். நான் மைக்கை அழுத்தி, "ஏலே, யாருலே நீ? எந்த ஊரு?" என்றேன். 'குட் ட்ரை, ப்ளீஸ் ட்ரை அகெய்ன்' என்றது. இன்னும் கோபமாகக் கேட்டேன். அதே குரல், அதே நயம், அதே பதில். வெள்ளாமை, மழை, மக்காச்சோள விலை எல்லாம் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் திரும்ப முயற்சி செய்யச் சொன்னது. மாரித்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல இருந்தது டீச்சர். மகளிடம் போய், "மெஷின்தான் தாயி, இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றேன்.

எழுந்து உட்கார்ந்தாள். "அதுகிட்ட இம்புட்டு நேரம் கேட்டீகளேப்பா. எங்கிட்ட ஒரு தடவதான் கேட்டீக. பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடிச்சிட்டீக."

அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "தப்பு எம்மேலதான் தாயி. இனிமே கை நீட்ட மாட்டேன்" என்றேன். அவள் பசிக்கிறது என்றாள். நானே போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டாள்.

இன்று காலையில் யூனிபார்மைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். திங்கட்கிழமை வருவாள்.

இப்படிக்கு,
சோலைமலை


சாத்தூர்,
27.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாகஜோதி இன்று தேர்வு எழுதினாள். காலையில் அவளைப் பள்ளி கேட் அருகே பார்த்ததும்தான் எனக்கு நிம்மதியானது. நீங்கள் அவளை இறக்கிவிட்டு, அவள் வகுப்பை நெருங்கும்வரை வண்டியருகிலேயே நின்றதை மாடியிலிருந்து பார்த்தேன். வகுப்பு வாசலில் அவள் திரும்பி, உங்களைப் பார்த்துக் கையை அசைத்தாள். நீங்கள் அதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டதால் கவனித்திருக்க மாட்டீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்புடன்,
கற்பகவல்லி